கல்லாப்பெட்டிச் சாவி யாரிடம்? - சூடோவின் கதை

லினக்ஸுக்குப் புதிதாக வந்த எவரும் ஒரு நாளாவது இந்த மிரட்டலை வாங்கியிருப்பார்கள். கறுப்புத் திரையில் ஒரு கட்டளையை அடித்து, அதற்கு முன்னால் 'சூடோ' என்று சேர்த்து, கடவுச்சொல்லையும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், "உங்கள் பெயர் பட்டியலில் இல்லை, இந்தச் சம்பவம் மேலே தெரிவிக்கப்படும்" என்கிற பொருளில் ஒரு வரி வந்து நிற்கும். மேலே என்றால் யாருக்கு? போலீஸுக்கா, கல்லூரி முதல்வருக்கா? இரண்டும் இல்லை. அதே கணினியில் இருக்கும் 'ரூட்' என்ற நிர்வாகிப் பயனரின் அஞ்சல்பெட்டிக்கு. சொந்த மடிக்கணினி என்றால் குற்றம் செய்தவர், புகாரைப் படிக்க வேண்டியவர் இரண்டும் ஒரே ஆள்தான் :-) (பல கணினிகளில் அந்த அஞ்சல் போய்ச் சேருவதே இல்லை என்பது வேறு விஷயம்.)

சிரிப்பு வந்தாலும், அந்த ஒரு வரிக்குப் பின்னால் 45 ஆண்டுக் கதை இருக்கிறது. பெட்டிச் சாவியைக் கைமாற்றாமல் பெட்டியைத் திறக்கும் வேலையை மட்டும் எப்படிப் பிறருக்குக் கொடுப்பது, கொடுத்தபின் யார் எப்போது திறந்தார் என்று எப்படிக் கணக்கு வைப்பது என்கிற கதை. நடந்தது கணினித் துறையில். ஆனால் கணக்குப்பதிவியல் படிப்பவர்களுக்கு எங்கேயோ கேட்டது போலவே இருக்கும்.

முதலில் பெட்டியைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969-ல் தொடங்கிய இயங்குதளம் யூனிக்ஸ். பல பேர் ஒரே கணினியைப் பகிர்ந்து கொள்வதற்காகச் செய்தது அது. ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. அதில் பூஜ்யம் என்ற எண்ணுக்குச் சொந்தக்காரர்தான் ரூட். பூஜ்யம் வந்து கேட்டால் கெர்னல் மறு பேச்சுப் பேசாது. யாருடைய கோப்பையும் படிக்கலாம், அழிக்கலாம், கணினியையே நிறுத்தலாம். மற்ற எண்காரர்களுக்கு அவரவர் வீட்டு முற்றம் மட்டும்தான். நடுவில் படிநிலை எதுவும் கிடையாது. எல்லாம் உண்டு, அல்லது ஒன்றுமே இல்லை.

1971-ல் வந்த முதல் பதிப்பிலேயே 'எஸ்யூ' என்ற கட்டளை இருந்தது. ரூட்டின் கடவுச்சொல் தெரிந்த பயனர் அதைக் கொடுத்து ரூட்டாக மாறிக்கொள்ளலாம். வேறு பயனராக மாறும் வசதியெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தது.

அதே காலத்தில் ரிட்சிக்கு ஒரு அருமையான யோசனை வந்தது. சாதாரணப் பயனர் தன் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொற்கள் இருக்கும் கோப்பை அவர் தொடக்கூடாது, தொட்டால் அடுத்தவருடையதையும் மாற்றிவிடுவார். ஆனால் தன்னுடையதை மாற்றியாக வேண்டும். வங்கியில் வாடிக்கையாளர் பெட்டக அறைக்குள் போகாமல் பணம் எடுப்பது எப்படி? சலானை எழுதிக் கவுன்டரில் கொடுக்கிறார், உள்ளே போய்வர அனுமதி உள்ள காசாளர் எடுத்துத் தருகிறார். ரிட்சி செய்ததும் அதுதான். ஒரு நிரலின் மேல் 'செட்யூஐடி' என்ற சின்னக் குறியை வைத்துவிட்டால், அதை யார் ஓட்டினாலும் அது தன் சொந்தக்காரருடைய அதிகாரத்தோடு ஓடும். அந்த நிரல்தான் காசாளர். இந்த யோசனைக்கு 1973-ல் காப்புரிமை கேட்டு 1979-ல் கிடைத்தது. பின்னர் பொதுவுக்கே விட்டுவிட்டார்கள். இந்தக் குறி இல்லாவிட்டால் சூடோ பிறந்திருக்கவே முடியாது.

அப்படியானால் சிக்கல் எங்கே? கணினித் துறை ஒன்றில் ஐந்து பேர் வேலை பார்க்கிறார்கள். ஒருவர் அச்சுப்பொறியைப் பார்த்துக்கொள்கிறார், ஒருவர் இரவில் காந்த நாடாவில் நகல் எடுக்கிறார், ஒருவர் புது மாணவர்களுக்குக் கணக்குத் திறக்கிறார். எல்லாவற்றுக்கும் ரூட் வேண்டும். எனவே ஐந்து பேருக்கும் ஒரே கடவுச்சொல் தெரியும். கல்லாப்பெட்டிக்கு ஐந்து டூப்ளிகேட் சாவி அடித்துக் கொடுத்த கடை மாதிரி. ஒருவர் வேலையை விட்டுப் போனால் பூட்டை மாற்றி மற்ற நாலு பேருக்கும் புதுச் சாவி கொடுக்க வேண்டும். அதைவிட மோசம், ஒரு காலையில் பெட்டி காலியாக இருந்தால் யாரைக் கேட்பது? ரூட்டாக மாறியபின் எல்லோருடைய முகமும் ஒன்றுதான். உள்ளே போனது யார் என்று ஒருவேளை தெரியலாம், போய் என்ன செய்தார் என்று தெரியாது.

இந்த நிலைமையில்தான் 1980 வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில், கணினி அறிவியல் துறையில், பாப் காக்ஷால், கிளிஃப் ஸ்பென்சர் என்ற இருவர் ஒரு சின்ன நிரலை எழுதினார்கள். ஓடியது வாக்ஸ் 11/750 என்ற கணினியில், 4.1 பி.எஸ்.டி. யூனிக்ஸின் மேல். 'சூப்பர் யூசர்' ஆக இதைச் செய் என்பதன் சுருக்கமாக 'சூடூ' என்று பெயர். உலகத்தில் பாதிப் பேர் 'சூடோ' என்றுதான் சொல்கிறார்கள், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

இன்று நமக்குத் தெரிந்த வடிவில் இதன் சூட்சுமம் இரண்டே விஷயம். ஒன்று, சூடோ ரூட்டின் கடவுச்சொல்லைக் கேட்பதில்லை, உங்களுடையதைத்தான் கேட்கிறது. 'உள்ளே வரச் சாவி இருக்கிறதா' என்பது அதன் கேள்வி இல்லை, 'நீ நீதானா' என்பதுதான் கேள்வி. சாவி யார் கைக்கும் போவதில்லை. ஒருவர் வேலையை விட்டால் பட்டியலில் அவர் பெயரை அடித்தால் போதும். இரண்டாவது, யார், எந்த நேரத்தில், எந்த அடைவில் இருந்து, என்ன கட்டளை கொடுத்தார் என்று ஒரு வரி எழுதி வைத்துவிடுகிறது. மறுக்கப்பட்டவர்களும் அதில் உண்டு. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பேரேடு வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் கேட்டு உயிரை வாங்கக் கூடாது என்று ஒருமுறை கொடுத்தால் 5 நிமிடமோ 15 நிமிடமோ சும்மா விடும். முதல்முறை வருபவருக்கு மூன்று வரி உபதேசமும் உண்டு: அடுத்தவர் அந்தரங்கத்தை மதி, அடிக்குமுன் யோசி, மூன்றாவது ஸ்பைடர்மேன் படம் பார்த்த எல்லோருக்கும் தெரிந்த வசனம்.

1985 டிசம்பரில் இதன் திருத்திய வடிவம் யூஸ்நெட்டில் வெளியானது. 1986-ல் கார்த் ஸ்னைடர் இன்னும் மேம்படுத்தி விட்டார். அதன்பின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகம்தான் சூடோவின் வீடு. காக்ஷாலும் அங்கே வந்துவிட்டார். இது தற்செயல் என்று சொல்ல முடியாது. எவி நெமத் என்ற பேராசிரியை அங்கே மாணவர்களையே கணினி நிர்வாகத்தில் இறக்கிவிட்டவர். யூனிக்ஸ் நிர்வாகத்துக்கு வேதம் மாதிரி ஆகிவிட்ட கையேட்டை 1989-ல் ஸ்னைடர் முதலியவர்களோடு சேர்ந்து எழுதியதும் அவரே. (2013-ல் பாய்மரக் கப்பலில் டாஸ்மன் கடலைக் கடக்கும்போது கப்பலோடு காணாமல் போனார், கிடைக்கவே இல்லை.) மாணவர் கையில் நிர்வாக வேலை கொடுத்தால் நாலே வருடத்தில் எல்லோரும் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். சாவியைப் பகிர்ந்து கொடுத்துக் கட்டுப்படியாகாத இடம் இதைவிட வேறு எது?

1991-ல் தி ரூட் குரூப் என்ற ஆலோசனை நிறுவனத்துக்காக டேவ் ஹீப், ஜெஃப் நியூஸ்மா இருவரும் சூடோவைப் புதிதாக எழுதினார்கள். 'சூடோயர்ஸ்' என்ற அனுமதிக் கோப்பு விரிவானது அப்போதுதான். பிறகு அந்த நிறுவனத்திடமிருந்து முறையான வெளியீடு எதுவும் வரவில்லை. போல்டருக்குள் சூடோவைக் கவனித்துக் கொண்டிருந்த டாட் மில்லர் 1994-ல் பிழைகளைத் திருத்தி, 'சி.யூ. சூடோ' என்று பல்கலைக்கழகத்தின் முன்னெழுத்தைச் சேர்த்து வெளியிட்டார். 1999-ல், பழைய நிறுவனத்தின் வரிகள் எதுவும் மிச்சம் இல்லாத 1.6 பதிப்போடு, அந்த முன்னெழுத்தும் போனது. மில்லர் மட்டும் போகவில்லை.

அனுமதிக் கோப்பின் இலக்கணத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், கதையின் மிச்சம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. ஒரு வரியில் நாலு தகவல்: யார், எந்தக் கணினியில், யாருடைய அதிகாரத்தோடு, எந்தக் கட்டளை. "அச்சுப்பொறி பார்க்கும் குழு, இந்தக் கணினியில், ரூட்டாக, அச்சு வரிசையை நிர்வகிக்கும் கட்டளையை மட்டும்" என்று எழுதலாம். வீட்டில் ஒரே ஒரு கணினி வைத்திருப்பவர்களுக்கு 'எந்தக் கணினியில்' என்ற தகவல் வீண் வேலையாகத் தெரியும். துறை முழுக்க ஒரே கோப்பை எழுதி எல்லா இயந்திரத்துக்கும் அனுப்பிவிடலாம் என்பதற்காக வைத்தது அது. கோப்பில் ஒரு எழுத்து பிசகினால் சூடோ யாரையும் உள்ளே விடாமல் போகலாம். ரூட்டுக்குக் கடவுச்சொல்லே வைக்காத கணினி என்றால் கதவைச் சாத்திச் சாவியை உள்ளே விட்ட கதைதான். அதனால்தான் இதைச் சாதாரண எடிட்டரில் திறக்காமல் 'விசூடோ' வழியாகத் திருத்தச் சொல்கிறார்கள், அது பிழை பார்த்துவிட்டுத்தான் சேமிக்கும். வேடிக்கை என்னவென்றால், 1995-ல் கிரிஸ் ஜெப்வே புதிய பாகுபடுத்தியை எழுதித் தரும் வரைக்கும் சூடோவும் விசூடோவும் ஒரே கோப்பை சற்றே வேறு வேறு விதமாகப் படித்துக் கொண்டிருந்தன! தணிக்கையாளர் ஒரு விதியையும் காசாளர் இன்னொரு விதியையும் படித்தால் எப்படி இருக்கும்?

பட்டியல் போட்டு அதிகாரம் கொடுப்பது நல்லது என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. பி.எஸ்.டி. யூனிக்ஸில் 'வீல்' என்று ஒரு குழு உண்டு. அதில் இல்லாதவருக்கு ரூட்டின் கடவுச்சொல் தெரிந்திருந்தாலும் எஸ்யூ வேலை செய்யாது. குனூ திட்டத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் தன் எஸ்யூவில் இந்த வசதியை வேண்டுமென்றே வைக்கவில்லை, ஏன் என்று கையேட்டிலேயே எழுதியும் வைத்தார். 1984-ல் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் சிலர் இயக்குபவர் கடவுச்சொல்லை மாற்றி, மற்றவர்களுக்குச் சொல்லாமல் அதிகாரத்தைக் கையில் எடுத்துக் கொண்டார்களாம். அப்படிப்பட்ட நேரத்தில் மனசாட்சி உள்ள ஒரு நிர்வாகி கடவுச்சொல்லை மக்களிடம் சொல்லிவிட்டாலும் வீல் குழு இருந்தால் பயன் இல்லை, எனவே தான் மக்கள் பக்கம் என்பது அவர் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்தவர் சம்பளப் பட்டியலும் தேர்வு மதிப்பெண்ணும் இருக்கும் கணினியில் மக்கள் பக்கம் எது என்பதை அந்த வாதம் யோசிக்கவில்லை.

சூடோ வீட்டுக்கு வீடு வந்தது 2004 அக்டோபரில், உபுண்டுவின் முதல் பதிப்போடு. ரூட் கணக்கையே பூட்டிவிட்டு, நிறுவும்போது உருவாக்கும் முதல் பயனருக்குச் சூடோவைக் கொடுத்தார்கள். மேக் கணினிகளிலும் ரூட் பூட்டப்பட்டே வருகிறது. 2006-ல் எக்ஸ்கேசிடி கேலிச்சித்திரத்தில் ஒருவன் 'சூடோ' சேர்த்துச் சொன்னதும் மற்றவன் மறுபேச்சில்லாமல் சான்ட்விச் செய்யப் போகிற அளவுக்குச் சொல் பிரபலமாகிவிட்டது.

பிரபலமான இடத்தில்தான் யோசனை கொஞ்சம் நீர்த்தும் போனது. உபுண்டு எழுதி வைத்த வரி என்ன தெரியுமா? இந்தக் குழுவில் இருப்பவர், எந்தக் கணினியிலும், யாராகவும், எந்தக் கட்டளையையும். நாலு இடத்தில் மூன்றில் 'ஆல்'. பஃபலோவிலும் போல்டரிலும் மெனக்கெட்டு அதிகாரத்தைத் துண்டு போட்டார்கள், இங்கே முழு ரொட்டியையும் ஒரே தட்டில் வைத்தாகிவிட்டது. வீட்டுக் கணினிக்கு இது போதும், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இதையே பார்த்துப் பழகியவர்கள் அலுவலக சர்வரிலும் இதே வரியை எழுதும்போது மிஞ்சுவது பேரேடு மட்டும்தான், பூட்டு இல்லை.

துண்டு போடுவதும் எளிது இல்லை. 'இந்தப் பயனர் ரூட்டாக 'வி' எடிட்டரை மட்டும் ஓட்டலாம்' என்று எழுதினால் பத்திரமாகத் தெரிகிறது அல்லவா? வி எடிட்டருக்குள் இருந்தே ஒரு ஷெல்லைத் திறக்கலாம். அந்த ஷெல் ரூட்டாக இருக்கும், ஆட்டம் முடிந்தது. 'எல்லாம் ஓட்டலாம், ஷெல்லைத் தவிர' என்று எழுதினாலும் தப்பிக்க முடியாது. ஷெல் நிரலை வேறு பெயரில் நகலெடுத்து ஓட்டினால் சூடோவுக்கு அது வேறு ஆள். இதற்காகவே 2004-ல் வந்த 1.6.8 பதிப்பில் 'சூடோஎடிட்' சேர்த்தார்கள். கோப்பை நகலெடுத்து, எடிட்டரைச் சாதாரணப் பயனராகவே ஓட்டி, முடிந்ததும் நகலைத் திரும்ப வைப்பது அதன் வழி. அலமாரியைத் திறந்து விடாமல் கோப்பின் ஜெராக்ஸைக் கொடுத்துத் திருத்தி வாங்குவது மாதிரி.

இவ்வளவும் அனுமதிக் கோப்பை எழுதுபவர் செய்யக்கூடிய தவறுகள். காசாளரே தவறு செய்தால்? சூடோவே ரூட்டின் செட்யூஐடி நிரல் என்பதை மறக்கக் கூடாது. அதில் ஒரு ஓட்டை என்றால் பெட்டிக்கே ஓட்டை.

2019 அக்டோபரில் வெளிவந்தது ஒன்று. 'ரூட்டைத் தவிர யாராகவும் மாறலாம்' என்று அனுமதி பெற்ற ஒருவர், பெயருக்குப் பதில் மைனஸ் 1 என்ற எண்ணைக் கொடுத்தால் ரூட்டாகிவிட்டார். காரணம் சுவாரசியமானது. பயனர் எண்ணை மாற்றும் கெர்னல் அழைப்பில் மைனஸ் 1 என்றால் 'இருப்பதை மாற்றாதே' என்று பொருள். சூடோ அப்போது என்னவாக ஓடிக்கொண்டிருக்கும்? பூஜ்யமாக!

2021 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனத்தார் வெளியிட்டது அதைவிடப் பெரியது. கட்டளையின் கடைசியில் ஒற்றைப் பின்சாய்வுக் கோடு வந்தால் சூடோ அதைத் தாண்டியும் படித்துக்கொண்டே போய், ஒதுக்கிய நினைவிடத்துக்கு வெளியே எழுதியது. சாதாரண வழியில் இது நடக்காது, ஏனென்றால் பின்சாய்வுக் கோடுகளை முன்கூட்டியே தப்பவைத்து அனுப்பும் வேலை ஒன்று நடக்கும். சூடோஎடிட் என்ற பெயரில் கூப்பிட்டால் அந்த வேலை நடக்காமலே உள்ளே போக முடிந்தது. பாதுகாப்புக்கென்று சேர்த்த கதவே வழியாகிப் போனது. ஹைத்தியின் வூடூ நம்பிக்கையில் வரும் பேரன் சமேதி என்ற சாவுத் தெய்வத்தின் பெயரோடு சூடோஎடிட்டைக் கலந்து 'பேரன் சமேடிட்' என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். பட்டியலில் பெயரே இல்லாத எந்தப் பயனரும் ரூட்டாகலாம். அந்த வரி உள்ளே வந்தது 2011 ஜூலையில். ஏறத்தாழ பத்து வருடம், மூல நிரல் எல்லோரும் பார்க்கும்படி திறந்து கிடந்தும், யாரும் கண்டுபிடிக்கவில்லை. 2025 ஜூனில் இன்னும் இரண்டு ஓட்டைகள் சரி செய்யப்பட்டன. அதில் ஒன்று, மேலே சொன்னோமே அந்த 'எந்தக் கணினியில்' தகவல், அதைப் பற்றியது. வேறொரு கணினிக்கு எழுதிய அனுமதியை இங்கேயே பயன்படுத்திக்கொள்ள முடிந்தது. அதுவும் 12 வருடப் பழசு.

பேரேட்டுக்கும் ஒரு பழைய குறை உண்டு. பணத்தைக் கையாள்பவரே கணக்கையும் எழுதக் கூடாது என்பது உட்கட்டுப்பாட்டில் பாலபாடம். சூடோ எழுதும் பதிவு அதே கணினியில் கிடக்கிறது, ரூட் ஆனவர் அதை அழித்துவிடலாம். பதிவை உடனுக்குடன் வேறு கணினிக்கு அனுப்பும் சொந்த சர்வர் 2020-ல் 1.9 பதிப்போடு வந்தது.

பேரன் சமேடிட்டுக்குப் பிறகு எல்லோரும் கேட்ட கேள்வி, இதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது. பெரும்பாலும் ஒரே ஆள், மில்லர். ஓய்வு நேரத்தில் தொடங்கியவருக்கு 2010-ல் குவெஸ்ட் நிறுவனம் சூடோவுக்கென்றே சம்பளம் கொடுத்தது. 2024 பிப்ரவரியில் அந்த ஆதரவு நின்றது. அதற்குப்பின் தன் வலைப்பக்கத்தில் புரவலர் தேவை என்று அறிவிப்புப் போட்டார். உலகத்து சர்வர்களில் எத்தனை பெட்டிகளை அவர் எழுதிய காசாளர் காக்கிறார் என்று யோசித்தால் அந்த அறிவிப்பு கொஞ்சம் சங்கடப்படுத்தும்.

மாற்று வழி தேடியவர்களும் உண்டு. ஓப்பன்பி.எஸ்.டி. 2015-ல் சூடோவை அடிப்படை அமைப்பிலிருந்து எடுத்துவிட்டு, டெட் உனாங்ஸ்ட் எழுதிய 'டூஆஸ்' என்ற சின்னஞ்சிறு நிரலை வைத்தது. அனுமதிக் கோப்பு ஒன்றிரண்டு வரியில் முடிந்துவிடும். மில்லரும் ஓப்பன்பி.எஸ்.டி. நிரலாளர்தான் என்பது குறிப்பிடத்தக்கது. சிஸ்டம்டி 2024-ல் 'ரன்0' என்று ஒன்றைக் கொண்டுவந்தது, அதில் செட்யூஐடியே கிடையாது. நினைவிடத் தவறுகளைப் பெருமளவு தடுக்கும் ரஸ்ட் மொழியில் சூடோவைத் திரும்ப எழுதும் வேலையும் நடந்தது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10, 'சூடோ' என்று அடித்தால் அந்த ரஸ்ட் வடிவத்தையே ஓட்டியது. அதை எழுதியவர்களுக்கு யோசனை சொல்லி உதவியவர்களில் மில்லரும் ஒருவர்.

பழைய சூடோவும் அந்த உபுண்டுவில் இருந்தது, 'சூடோ.டபிள்யூஎஸ்' என்ற பெயரில். 2001-ல் மில்லர் இணையதளம் வாங்கப் போனபோது '.ஆர்க்' முகவரியை வேறு யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார்கள். சமோவா தீவு நாட்டின் '.டபிள்யூஎஸ்'-தான் கிடைத்தது.